கரட்டைத் தாண்டி

எலுமிச்சைத் தளிரைத் தட்டினாள். விரித்திருந்த வெள்ளைத் துணியில் எள்ளளவு பூச்சிகள் உதிர்ந்தன.

உதிர்ந்த வேகத்தில் தாவின.

இவை இங்கே இருக்கக் கூடாது.

பூச்சியைத் தேடாதே, அது குடியிருக்கும் செடியைத் தேடு. அவள் ஆராய்ச்சியே அதுதான். இந்தத் தத்துப்பூச்சிக்குக் கறிவேப்பிலை என்றால் உயிர். அங்கே இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. எலுமிச்சைக்கு வந்தால்தான் ஆபத்து. மரத்தை மஞ்சளாக்கிக் கொல்லும் நோயும் கூடவே வரும்.

அதனால் மாதந்தோறும் ஊருக்குள் வீடு வீடாகப் போய்க் கொல்லைக் கறிவேப்பிலையைத் தட்டிப் பார்ப்பாள். பிறகு தோப்புக்கு வருவாள்.

ஊரில் பூச்சி உண்டு. தோப்பில் இல்லை. நடுவே பூச்சி தங்க ஒரு செடிகூட இல்லாத பொட்டல் கரடு. போன வருஷம்வரை அப்படித்தான் இருந்தது.

"அம்புட்டுக் கரட்டைத் தாண்டி எப்படித் தாயி வந்துச்சு?"

தோப்புக்காரர் இசக்கியப்பன் கேட்டார். கிணறு வற்றிய கோடையில் அவர் குடத்தில் தண்ணீர் சுமந்து காப்பாற்றிய மரங்கள்.

"தெரியலை அண்ணாச்சி."

மஞ்சளித்த மரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஊர்ப் பக்கத்து வேலியோரம் எல்லாம் பச்சை. நோய் நடுத்தோப்பில், மோட்டார் அறையை ஒட்டித் தொடங்கியிருந்தது. முதல் மரம் இலை கொட்டி மொட்டையாக நின்றது.

அதன் தாழ்ந்த கிளையில் அவளுடைய துணிப்பை தொங்கியது. எப்போது வந்தாலும் அங்கேதான் மாட்டுவாள்.

பைக்கு வெளியே கறிவேப்பிலை நீட்டிக்கொண்டிருந்தது.

வீடு தேடி வந்த பெண்ணை ஊரில் யாரும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அவள் தட்டிப் பார்த்த கிளையிலேயே ஒரு கொத்தை ஒடித்துத் திணிப்பார்கள். மரத்தில் இருக்கும்வரை அது அவளுக்கு ஆராய்ச்சி. பைக்குள் போய்விட்டால் ரசத்துக்கு.

படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று?

வெட்கத்தில் காது சுட்டது. அழுகை வந்தது.

இசக்கியப்பன் பின்னாலேயே வந்து நின்றார்.

"நல்லவேளை, மாசந்தவறாம நீங்க வந்து பாத்தீய. இல்லைன்னா இதுகூட நமக்குத் தெரிஞ்சிருக்காது."

பேசிக்கொண்டே பையைக் கழற்றினார். மொட்டை மரத்தில் நிழல் இல்லை, இலை வாடிவிடும் என்று பக்கத்து மரத்துக்கு நகர்ந்தார். நன்றாகத் தழைத்த மரம். கொம்பெல்லாம் இளந்தளிர்.

"மாட்டாதீங்க அண்ணாச்சி!"

கத்திவிட்டாள்.

அவர் பையும் கையுமாகத் திரும்பி, ஏன் என்று அவள் முகத்தைப் பார்த்தார்.