டிஸ் கார்டு

நம்பரை அமுக்கியதும் கேட்டில் இருந்த எந்திரத்தின் திரையில் அசோக்குமார் வந்தார்.

அவர் சுகுணாவின் கணவர். காய்ச்சலில் படுத்து, போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் பார்த்த வேலையை, அதே நம்பரோடு, கம்பெனி இவளுக்குக் கொடுத்திருந்தது. மதியம் இரண்டு மணி ஷிப்ட். இன்றுதான் முதல் நாள்.

"பழைய மூஞ்சி வரும்க்கா. கீழ ரெண்டு பட்டன் இருக்குது, அதுல..." என்று ஆபீஸ் பெண் லிபியா சொல்லிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதிவிட்டது. மிச்சம் காதில் விழவில்லை. போன் அடிக்கவே அவளும் உள்ளே ஓடிவிட்டாள்.

சுகுணா எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டினாள். முதல் பட்டனில் டிரெய்ன் மாதிரி ஏதோ இருந்தது. மூக்கண்டப்பள்ளி கம்பெனி கேட்டில் டிரெய்னுக்கு என்ன வேலை?

இரண்டாவதைக் கூட்டினாள். டிஸ். கார்டு.

இந்தக் கார்டு. இவர் கார்டே இருக்கட்டும் என்றுதான் அர்த்தம்.

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வீட்டில் அவருக்கென்று ஒரு நல்ல போட்டோ கிடையாது. கேட் எந்திரத்தில் அவர் முகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் இந்த வேலைக்கே சம்மதித்தாள். தினமும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

அமுக்கினாள். அவர் போனார். அவள் முகம் வந்தது. 'தேங்க் யூ' என்றது எந்திரம்.

திரும்பி வந்த லிபியா தலையில் கை வைத்தாள். "அய்யோ அக்கா, டிஸ்கார்டுன்னா வேணாம்னு தூக்கிப் போடறது. ரீடெய்ன்னா அவரையும் வச்சுக்கறது. அந்த மொத பட்டனையில்ல அமுக்கச் சொன்னேன்."

கட்டியவளே தன் விரலால் அவரைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். கேட் என்றும் பாராமல் சுகுணா அழுதாள்.

லிபியாவுக்குப் பாவமாகிவிட்டது. முகம் போனாலும் வருகைப் பதிவு அழியாது, அதையாவது காட்டலாம் என்று கம்ப்யூட்டரில் அவர் நம்பரைத் தேடி எடுத்தாள். கீழே தள்ளிக்கொண்டே போன விரல் சட்டென்று நின்றது.

கடைசி வரியில் இன்றைய தேதி. உள்ளே: காலை 5.52. வெளியே: காலி.

அதற்கு மேலே நேற்று. அதற்கு மேலே முந்தாநாள். எட்டு மாதமும் உள்ளே, வெளியே என்று சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு.

காலை ஷிப்ட் விட்டு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பதிவில் இருக்கும் முகத்துக்கு மட்டும் கேட்டின் கம்பி திரும்பும். ஒவ்வொருவருக்கும் உள்பக்கத்து எந்திரம் 'தேங்க் யூ' சொன்னது. கடைசி ஆளும் வந்து பஸ் ஏறியாகிவிட்டது.

அப்புறமும் எந்திரம் பேசியது.

'ஃபேஸ் நாட் ஃபவுண்ட். பிளீஸ் ட்ரை அகெய்ன்.'

உள்பக்கம் யாரும் இல்லை.

'பிளீஸ் ட்ரை அகெய்ன்.'

இந்த இங்கிலீஷுக்கு சுகுணா யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை. ஓடிப்போய்க் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

அந்தப் பக்கமிருந்தும் தள்ளுவது கையில் தெரிந்தது.