மேரி கடை ஈ

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும், சொல்கிற தொண்டையில் வாளைமுள் சிக்கட்டும்.

கோவளம் மீன் மார்க்கெட்டில் சம்பூர்ணம் கடையில் கூட்டம் மொய்க்கும். எதிர்க்கடை மேரி வருஷம் முழுக்க ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தாள். விண்வெளியில் எடையில்லாமல் பூச்சிகள் என்ன செய்கின்றன என்று ராக்கெட்டில் அனுப்பிப் பார்க்கும் பள்ளிச் சோதனைக்காக, மாணவி அனு மேரி கடையில் பத்து ஈயைப் பிடித்துப் போனாள்.

ராக்கெட் கிளம்பிய மறுநாளே மேரி கடையில் பலகை தொங்கியது: ‘விண்வெளி சென்ற ஈ எங்களுடையதே!’

ஈசிஆர் சாலையில் போன கார்க்காரர்களெல்லாம் இறங்கி செல்ஃபி எடுத்து, அப்படியே வஞ்சிரமும் வாங்கினார்கள்.

சம்பூர்ணத்துக்கு வயிறு எரிந்தது. “என் கடை ஈக்கு இன்னாடி கொறச்சல்?” என்று தன் மீன்மேல் வெல்லப்பாகை ஊற்றினாள். ஈ வந்தது, இருந்த வாடிக்கையும் ஓடியது.

அனுவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். “கண்ணு, அடுத்த ராக்கெட்ல என் கடை ஈயை ஏத்திக்கினு போம்மா!”

“ஈயா? அத்த ஸ்கூல்லயே பல்லி துன்னுடுச்சு யக்கா. அன்னிக்கே மேரி யக்காகிட்ட சொல்லிட்டேனே!”

“அப்போ ராக்கெட்ல போனது இன்னா?”

“எறும்பு. உன் மீன்கூடைக்கு அடியில புடிச்சது.”