காகமில்லாத கொப்பி

“காகத்த எடுத்தாச்சி. இனிப் பழைய கொப்பி ஒண்டும் எங்கட கையில இரிக்கப்படாது,” என்றார் தாஸிம்.

வெள்ளவத்தையில், ரயில் போனால் ஜன்னல்கள் நடுங்கும் அவருடைய மாடி அறையில், அவரோடு சேர்த்துப் பதினொரு பேர் கைபேசியும் கையுமாக இருந்தார்கள். பத்துப் பேரின் பெருவிரல்கள் சொன்ன சொல் கேட்டன.

யூஜினாவின் விரல் அசையவில்லை.

அவர்கள் எல்லோரும் ரொனிப் பைத்தியங்கள். கொட்டாஞ்சேனையில் பிறந்து, கோயில் பெருநாள் மேடைகளிலும் கலியாண வீடுகளிலும் பாடித் தீர்த்த ரொனி, இசைத்தட்டு ஒன்றுகூடப் போட்டதில்லை. கூட்டத்தில் யாராவது றெக்கோர்டர் கொண்டுவந்திருந்தால் பாட்டு தங்கும், இல்லாவிட்டால் காற்றோடு போகும். அப்படித் தங்கியவற்றைத்தான் இவர்கள் நாற்பது வருடமாகத் தேடி, கெஞ்சி, கைமாற்றி வருகிறார்கள்.

ஒன்றுக்கு ஒன்று. விற்பது பாவம். பாட்டு ஓடும்போது கதைப்பது அதைவிடப் பெரிய பாவம்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு பதிவுக்குத் திறமான கொப்பி வந்துவிட்டால், மட்டமானதை எல்லோரும் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குப்பைதான் ஊர் சுற்றும். அழிக்காதவருக்கு இந்த மாடிப்படி இல்லை.

எண்பத்திரண்டாம் ஆண்டுப் பெருநாள் பதிவு இவர்களுடைய பொக்கிஷம். பேதுரு என்ற துறைமுகத் தொழிலாளி, றெக்கோர்டரை மேடையோரக் கதிரையில் ஓடவிட்டு, சிகரெட் குடிக்கப் போன நேரத்தில் பதிவானது. அடுத்த வருடம் ஆடிக் கலவரத்தில் பேதுருவின் வீடு எரிந்தது, நாடாவும் எரிந்தது. கைமாற்றாக வாங்கிய கொப்பி ஒன்று தாஸிமின் அலுமாரியில் இருந்ததால் பாட்டுகள் தப்பின. அந்த ஒன்றுக்காகவே யூஜினா அந்த மனிதரை மதிப்பாள்.

ஆனால் அதில் ஒரு காகம் இருந்தது.

கடைசிப் பாட்டு முழுக்க, கதிரைக்குக் கிட்ட நின்ற எவளோ ஒருத்தி ரொனியோடு சேர்ந்து கத்துகிறாள். சுருதி என்பது மருந்துக்கும் கிடையாது. பெயர் தெரியாததால் காகம் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவளை வாயாரத் திட்டியபிறகுதான் பாட்டை ரசித்தார்கள். இப்போது புதிதாய் வந்த ஒரு செயலி, அரிசியில் கல் பொறுக்குவது போல அவளைப் பொறுக்கி எறிந்துவிட்டது.

தாஸிம் போட்டுக் காட்டினார்.

ரொனியின் குரல் சுத்தமாக, தனியாக வந்தது. இரண்டாம் சரணத்தில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவன் நின்றான். கிற்றார் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்த பிறகே வரியை எடுத்தான்.

அறை சொக்கிப்போனது. பாழாய்ப்போன காகத்தால் இவ்வளவு காலமும் கேளாமல் போன நிறுத்தம் அல்லவா அது! பாட்டுக்கு மூச்சுவிடத் தெரிந்த கலைஞன் என்றார் ஒருவர். இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

யூஜினாவுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் எரிந்தது. இருநூறு நாடாக்களோடும் இந்த மனிதர்களோடும் பாதி வாழ்க்கையைக் கழித்தவள் அவள். இந்த மாடியை விட்டால் போக்கிடம் இல்லை. ஆனாலும் காகத்தைக் கொல்ல அவள் சம்மதிக்க மாட்டாள்.

பதினெட்டு வயதில் அப்பா தோலை உரிப்பார் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ரொனிக்காகப் பொத்திக்கொண்டாள். நல்ல மனிதன், நாலு பேர் முன்னால் அவன் தலை குனியக்கூடாது என்று நினைத்தாள். போன மாசியில் மாதம்பிட்டியில் அவனையும் அடக்கம் செய்தாயிற்று. இனி யாருக்காகப் பொறுப்பது?

அவள் பழைய கொப்பியை எடுத்தாள். இரண்டாம் சரணத்துக்குத் தள்ளி, சத்தத்தை முழுதாகக் கூட்டினாள்.

காகம் ஒரு வரி. பிறகு ரொனி, அதே வரி.

காகம் அடுத்த வரி. பிறகு ரொனி.

இரைச்சலைக் கேட்டே இது எத்தனையாவது கொப்பி என்று சொல்லிவிடும் காதுகள் அவை. முந்திக்கொண்டது காகம்தான் என்பது மட்டும் இத்தனை வருடமும் அவற்றில் ஏறவில்லை.

தாஸிம் அப்போதும் மசியவில்லை. பாட்டைப் பாடமாக்கி வைத்திருந்த ஒரு ரசிகை ஆசையில் முந்திவிட்டாள், அதற்காகச் சட்டத்தை மாற்ற முடியுமா என்றார். அழிக்கும்படி மறுபடியும் சொன்னார்.

“அழிக்க மாட்டன், நாநா. அந்தப் பாட்டு முதன்முதல் மேடை ஏறினதே அண்டைக்குத்தான். ரசிகைக்கு எப்பிடிப் பாடமாகும்?”

அலுமாரியில் இருந்த அந்த நாடாப் பெட்டியின் முதுகில் அது தாஸிமின் சொந்தக் கையெழுத்திலேயே இருந்தது. ‘முதல் முறை’ என்று எழுதி, பெருமையாக இரண்டு கோடும் போட்டிருந்தார். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.



யூஜினா எழுந்து நின்றாள். தான் எழுதிக் கொடுத்தும் ரொனிக்குக் கடைசிவரை மனதில் நிற்காத, அதனால் எந்த மேடையிலும் அவன் பாடாத மூன்றாம் சரணத்தை, அந்தக் காகத்தின் குரலில் பாடத் தொடங்கினாள்.

அப்படி ஒரு சரணம் இருப்பதே மற்றப் பத்துப் பேருக்கும் தெரியாது.

தாஸிம் வாயில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கிவிட்டு, மறு கையால் றெக்கோர்ட் பொத்தானை அழுத்தினார்.