சாம்பக் கலர் துண்டு

குரூப்புல எல்லாரும் நல்லாருக்கீங்களா? மழை விட்டுச்சே, மூட்டுவலி தேவலையா? எங்க வீட்டு சமாச்சாரம் ஒண்ணு சொல்றேன்.

என் மருமகன் சேவுகன், பேத்தி இதழி பொறக்குறதுக்கு முந்தியே விசா முடிஞ்சும் வெளிநாட்டுலயே தங்கிட்டாரு. அப்படித் தங்குனா அந்த நாட்டு சர்க்காரு முகத்தை மறைச்சிருவாங்கல்ல, பழைய போட்டோ, வீடியோ எதுலயும் சாம்பக் கலர் வட்டம்தான் தெரியும். குரல் மட்டும் வரும். நாலு வருசமா புள்ள அந்த வட்டத்துக்குத்தான் முத்தம் குடுத்தா.

போன வாரம் பொதுமன்னிப்புல மனுசன் வந்து சேந்தாரு. கைய நீட்டுனதும் இதழி வீல்னு கத்திட்டா.

"இது எங்கப்பா இல்ல! எங்கப்பாவுக்கு மூஞ்சியே கிடையாது!"

"அடி வாங்குவ"ன்னு என் மக பொற்கொடி அதட்டுனா.

"விடு பொற்கொடி, ஆள மாத்தி அனுப்பிட்டாங்க போல"ன்னு அவரு சிரிச்சாரு. கொடியில கிடந்த சாம்பக் கலர் துண்டை எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டு, எப்பவும் போன்ல கேக்குற மாதிரியே கேட்டாரு, "இதழிக்குட்டி, சாப்டாச்சா?"

"அப்பா!"ன்னு ஓடிப்போயி மடியில ஏறிக்கிட்டா. கண்ணு இருக்குற எடத்துல துண்டு நனைஞ்சுது.

இன்னைக்கு ஒம்பதாம் நாளு. வீட்டுக்குள்ள துண்டோடதான் திரியிறாரு. சாப்பிடுறப்ப சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறாரு. நேத்து மெதுவா நெத்திய மட்டும் காட்டுனாரு. "மூடுப்பா, பயமாருக்கு"ன்னுட்டா.

இப்படித் திரும்பி வந்த அப்பா முகம் உங்க வீட்டுப் புள்ளைங்களுக்குப் பழக எத்தனை நாளாச்சு? கொஞ்சம் எழுதுங்கம்மா. பொற்கொடி தெனமும் கேக்குறா.