பத்து நிமிட ஊசி

"வெண்ணிலா, மெதுவா! பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம்கூடக் குறையக் கூடாது. நான் மானிட்டரைப் பார்த்துக்கறேன்."

டாக்டர் சொன்னதும், நர்ஸ் வெண்ணிலா கால்சியம் நிரப்பிய ஊசிக் குழாயைப் பச்சைமுத்துவின் கையிலிருந்த ட்யூபில் பொருத்தினாள்.

அவர் மனைவி அம்சா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காணையிலிருந்து விழுப்புரம் வரைக்கும் பஸ்ஸில் கரும்பு வெட்டுக்கூலியைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த புருஷன், ஆஸ்பத்திரிப் படியேறும்போது கால் துவண்டு உட்கார்ந்துவிட்டார். வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு வருகிற உடம்பு. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் இதயம் தாறுமாறாக ஓடுகிறது.

"கொஞ்சம் ஜல்தியா ஏத்தும்மா. உசுருக்குப் போராடிக்கினு இருக்காரு, நீ இவ்ளோ நிதானமா அழுத்தறியே!"

"ஜல்தியா ஏத்தினா இதயமே நின்னுடும்மா" என்றாள் வெண்ணிலா, கண்ணை ஊசியிலிருந்து எடுக்காமல். "ஐயா, கை எரிஞ்சா உடனே சொல்லணும். மருந்து நரம்பை விட்டுக் கசிஞ்சா சதையெல்லாம் வெந்துடும்."

"எரியலம்மா."

"ரத்தத்துல பொட்டாசியம் எக்கச்சக்கமா இருக்குது. அப்படி என்னதான் சாப்பிட்டீங்க?" என்றாள் வெண்ணிலா.

பச்சைமுத்து மின்விசிறியைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்று அம்சாவுக்குப் புரிந்துவிட்டது. இருபத்தேழு வருஷக் குடித்தனம் சும்மாவா?

"யோவ், வாயில இன்னா கொழுக்கட்டையா? சொல்லித் தொலை!"

"எளநி" என்றார் மெல்ல. "செவ்வாக்கெழமை டயாலிசிஸ் முடிச்சிக்கினு போகசொல்ல ஆறு காய் வாங்கிக்கினு போனேன். மோட்டார் கொட்டாயில வெச்சுக் குடிச்சேன்."

"ஆறா!" என்று அம்சாவும் டாக்டரும் ஒரே குரலில் கத்தினார்கள். வெண்ணிலா மட்டும் கத்தவில்லை. கை ஆடக் கூடாதே!

"நல்லா இருக்கறவங்களுக்குத்தான்யா இளநி அமிர்தம். உங்களுக்கு விஷம், அத்தனையும் பொட்டாசியம். இந்தக் கால்சியம்கூட பொட்டாசியத்தைக் குறைக்காது. டயாலிசிஸ் போடற வரைக்கும் இதயத்துக்குக் காவல் நிக்கும், அவ்வளவுதான். கிட்னிக்கு நல்லதுன்னு யாரு உங்களுக்குச் சொன்னது?" என்றாள் வெண்ணிலா.

"மருந்து இன்னும் எவ்ளோ இருக்குது?"

"பாதிக்கு மேல இருக்குது. யாரு சொன்னது?"

பச்சைமுத்து மறுபடி மின்விசிறியிடம் போய்விட்டார். அம்சாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"வேற யாரு? திண்டிவனத்துல இவரு தங்கச்சி இருக்குதே, புனிதா! போன வாரம் அங்கதான் போய்ட்டு வந்தாரு." சொல்லிக்கொண்டே போனைப் போட்டாள். பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த சான்ஸ் அல்லவா!

"அண்ணி, இளநியா? நானா?" போனில் புனிதா அலறினாள். "மோர்கூட அரை டம்ளர்தான் குடுத்தேன். கூடக் கேட்டதுக்குத் தரமாட்டேன்னு சண்டை போட்டேன். அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்குது? இதோ பஸ் ஏறிட்டேன்."

அம்சாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

"இந்த மாசத்துல இவர் மூணாவது ஆளும்மா" என்றாள் வெண்ணிலா. "மூணு பேரும் இளநிதான். யாரோ ஒருத்தர் வேலை மெனக்கெட்டு எல்லாருக்கும் வைத்தியம் சொல்லிட்டிருக்காங்க. கேட்டா ஒருத்தரும் வாயே திறக்கறதில்ல. ஐயா, பேரைச் சொல்லுங்க. இன்னிக்கே போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்கறேன்."

"மருந்து இன்னும் எவ்ளோம்மா?"

"கால்வாசி. ஏன்யா அதையே கேட்கறீங்க? பயமா இருக்குதா?"

"கொஞ்சம்."

"கல்லுளிமங்கன்!" என்று பல்லைக் கடித்தாள் அம்சா. ஆனால் கண் கலங்கியது. இந்த ஆள் பிழைத்து எழுந்தால் போதும், எவர் பேரும் வேண்டாம் என்றுகூடத் தோன்றியது. தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டாள்.

"வெரிகுட்" என்றார் டாக்டர். மானிட்டரில் கோணல்மாணலாக ஓடிய கோடு ஒழுங்குக்கு வந்திருந்தது. "இப்போதைக்கு ஆபத்து தாண்டியாச்சு. அடுத்த மருந்தை எடுத்துட்டு வரேன். டயாலிசிஸ் மெஷினையும் ரெடி பண்ணச் சொல்றேன்."

அம்சா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் போனதும் பச்சைமுத்து தலையைத் தூக்கினார்.

"மருந்து மொத்தமும் ஏறிடுச்சா? ஊசியைக் கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன்யா. இதோ பாருங்க." வெண்ணிலா காலிக் குழாயைக் காட்டினாள். "இப்பவாவது சொல்லுங்க. யாரு அந்தப் பெரிய டாக்டரு?"

"ஆஸ்பத்திரி கேட்டாண்ட எளநி விக்கற கிருஷ்ணவேணியம்மா. 'கிட்னிக்கு இதைவிட மருந்து இல்ல, உள்ள நர்சா இருக்குதே எம்பொண்ணு வெண்ணிலா, அதுவே சொல்லிச்சு'ன்னுதான் எல்லாருக்கும் சீவிக் குடுக்குது" என்றார் பச்சைமுத்து. "ஊசி உன் கையில இருக்கசொல்ல உங்கம்மா பேரை எப்பிடிம்மா சொல்றது? கை நடுங்கிடுச்சுன்னா?"