தட்டில் வெட்டிய பெயர்

கிறிஸ்துமஸ் விடுமுறையில் நானும் எதிர்வீட்டுப் பரசுராமனும் எதையும் கொண்டாடுவதில்லை. ஒருவரையொருவர் வேவு பார்ப்பதோடு சரி. முட்டை தொடாதவர்கள் என்று குடியிருப்பு முழுக்கப் பெயர் வாங்கிய வீடுகள் எங்களுடையவை. மூன்று தெரு தள்ளி முட்டை உடைந்தாலும் அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். எனக்கு நான்கு தெரு. தீபாவளிக்கு நாங்கள் பலகாரம் அனுப்பும் எவர்சில்வர் தட்டை, மேல்மாடி ரோஸ்லின் டீச்சர் கிறிஸ்துமஸ் அன்று கேக்கோடு திருப்பித் தருவார். பதினோரு வருடமாகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தின்கிறோம். இந்த வருடம் கடைசித் துண்டு உள்ளே போன பிறகுதான் என் மனைவி கோமளா தட்டின் விளிம்பைப் பார்த்தாள்.

“ஏங்க, இது நம்ம தட்டே இல்ல. பரசுராமன்னு பேர் வெட்டியிருக்கு.”

“அப்போ நம்ம தட்டு?”

“அவங்க வீட்லதான் இருக்கும். உங்க பேரோட.”

டீச்சரிடமே கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன். எதிர்க்கதவும் திறந்தது. பரசுராமன் கையிலும் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று, வட்டமாக.

“என்ன சார் கையில?” என்றார்.

“பஞ்சாங்கம்.”

“அட, எனக்கும் அதேதான்.”

அவர் மீசையில் ஒரு உலர்திராட்சை ஒட்டியிருந்தது. அவரோ என் சட்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.