பதினாறாம் தேதிக் குதிரை

மூன்று வருடமாக மார்ச் பதினாறில், ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்லும் இன்னாசியின் சவாரிக் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மூன்று வருடமும் அன்றைக்கே எதிர்மலைக் காடு எரிந்தது. குதிரைக்குத் தீ முன்கூட்டியே தெரிகிறது என்று அவன் சொன்னபோது ஏரிக்கரையே சிரித்தது. இந்த வருடம் அன்று சவாரிக்குப் போகாமல், குதிரையை இரட்டைக் கயிற்றில் கட்டிவிட்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். குதிரை நின்றபடியே தூங்கியது. புகை எழவில்லை. பொழுது சாய்ந்தது.

“பாத்தீங்களா, எல்லாம் ஒங்க பிரமை. மலையும் பத்திரமா இருக்கு, குதிரையும் இருக்கு. சாப்பிட வாங்க” என்று சிரித்தாள் மனைவி பிலோமி.

நாட்காட்டியில் அன்றைய தாள் இன்னும் கிழிபடவில்லை. இன்னாசி கொட்டடிக்குப் போய் முடிச்சுகளை அவிழ்த்தான். குதிரை நகரவில்லை. அதன் பிட்டத்தில் ஓங்கி அறைந்தான். குளம்புச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் மலை இருட்டாகவே கிடந்தது. பீடிக்கு வைத்திருந்த தீப்பெட்டியைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.